மடக்கிய முழங்கால்களுடன் ஒரு நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உயரம் போதாமல் ராட்டினத்தில் ஏற முடியாமல் அழுத பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். உயரம் போதுமாக இருந்தும் இல்லையென்று சாதித்து, அதை அதிகாரிகள் முன்னிலையில் நிரூபித்தும் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து அழுத பிள்ளை தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போதும் புதுப் பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் வரும் அந்த நெடி மூக்கில் ஏறினால், என் வலது மணிக்கட்டு தானாக அரிக்கத் தொடங்கும். அந்த மணிக்கட்டில் ஒரு பகல் முழுக்க இறுகிக் கிடந்த பச்சை நாடாவின் நெடி அது. அதைக் கட்டியது ஒரு பெண். கட்டிக்கொள்ளக் கையை நீட்டியது நான். குற்றம் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கள்ளக்குறிச்சிக்கும் ரிஷிவந்தியத்துக்கும் இடையில் எங்கள் ஊர். அந்த வழியில் ஓடிய டவுன் பஸ்ஸின் ஏறும் படியருகே ஒரு இரும்புக் கம்பி, அதில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. பிள்ளையின் தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம், மேலே போனால் அரை டிக்கெட். கண்டக்டர் வயதைக் கேட்பார்; ஆனால் நம்ப மாட்டார்; கம்பியோடு நிறுத்தித்தான் பார்ப்பார். ஆகவே எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு அ, ஆவுக்கு முன்னால் கற்றுக்கொடுக்கப்பட்ட கலை ஒன்று உண்டு. அதற்கு "பம்மல்" என்று பெயர். முழங்காலை லேசாக மடக்க வேண்டும், ஆனால் மடக்கியது தெரியக் கூடாது. கழுத்தைத் தோளுக்குள் இறக்க வேண்டும், ஆனால் முகம் அப்பாவியாக இருக்க வேண்டும். பாவாடை கட்டிய பெண்பிள்ளைகளுக்கு இது சுலபம், அரைக்கால் டவுசர் போட்ட எங்களுக்குத்தான் கஷ்டம். அப்படியும் அந்தக் கலையில் எனக்கு நிகர் எங்கள் தெருவில் கிடையாது. ஒன்பது வயதில், நாலாம் வகுப்பில், நான் ஐந்து வயதாகப் பஸ் ஏறி ஐந்து வயதாகவே இறங்கியிருக்கிறேன். பின்னால் நிற்கும் அப்பா "பம்முடா" என்று உதடு அசையாமல் சொல்ல வேண்டியதுதான், என் உடம்பிலிருந்து நாலு விரற்கடை காணாமல் போய்விடும்.

அப்பாவின் பெயர் சவரிமுத்து. போர் வண்டியில் வேலை. பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கும் அந்த வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று வருஷம் முழுக்கப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் வருவார். வரும்போதெல்லாம் அவர் ஆளே கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வருவதாக எனக்குத் தோன்றும். வண்டியின் இரும்புக் கம்பத்து உச்சியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, இன்னொரு கையால் பீடி பற்றவைப்பவர் என்று மறைக்கல்வி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். நேரில் பார்த்ததில்லை. பார்க்காதவற்றைத்தான் நான் எப்போதும் விவரமாகச் சொல்வேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் உபதேசியார் எல்லோரையும் கோயில் வாசலில் நிறுத்தி, பங்கு மக்கள் சுற்றுலாவுக்கு இந்த முறை மெட்ராஸ் போகும் வழியிலுள்ள தீம் பார்க்குக்குப் போகலாம் என்று ஒரு நோட்டீசைப் பிரித்துக் காட்டினார். நோட்டீசின் நடுவில் வானத்துக்கும் பூமிக்குமாக ஊஞ்சலாடும் ஒரு பெரிய கப்பல். அதில் வாயைப் பிளந்துகொண்டு ஐம்பது பேர். முதலில் எதிர்ப்புத் தெரிவித்தவர் அப்பாதான்.

"எதுக்குங்க அவ்ளோ தூரம்? கரியாலூர் போலாம். அருவி கீது, போட்டு கீது, காத்து சும்மாவே கெடைக்குது."

"யோவ் சவரி, வருசா வருசம் அதே அருவி, அதே கொரங்கு. இப்பல்லாம் அந்தக் கொரங்கே நம்மள பேர் சொல்லி கூப்புடுது" என்றார் உபதேசியார். சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் பக்கத்து வீட்டுப் பவுலுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். பவுலு என் வகுப்புதான். என்னைவிட இரண்டு விரல் குட்டை. ஆனால் அதை ஒத்துக்கொள்ளாதவன். "எங்கப்பாவும் நானும் கப்பல்ல கடேசி சீட்டுல ஒக்காருவோம். அதுதான் ஜாஸ்தி மேல போவும். எங்கப்பா கம்பிய புடிக்கவே மாட்டாரு" என்றேன். பவுலு, "பாக்கலாம்டா" என்றான். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஏழு நாளும் எனக்கு அந்தக் கடைசி சீட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. வருஷத்தில் பதினாலு நாள் மட்டும் வருகிற ஒரு அப்பாவோடு, ஊர் மொத்தமும் பார்க்க, வானத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டால் சின்ன ஆசைதான்.

விடியலில் பஸ் கிளம்பியது. உளுந்தூர்பேட்டை வரை செபமாலை, அதற்குப் பிறகு வாந்தி. அம்மா புளிச்சாதத் தூக்கைக் காலடியில் அணைத்துக்கொண்டு, மூன்று வயதுத் தங்கை ஸ்டெல்லாவை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். பார்க் நெருங்கியபோது, மதிற்சுவருக்கு மேலே அந்தக் கப்பலின் மூக்கு தெரிந்தது. எழும்பியது, நின்றது, பிறகு ஐம்பது பேருடைய அலறலையும் இழுத்துக்கொண்டு கீழே போய் மறைந்தது. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் அவ்வளவு புழுக்கம்.

நுழைவாயிலில் மரத்தால் செய்த ஒரு யானை தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றது. தும்பிக்கைக்குக் கீழே தலை இருந்தால் பச்சை நாடா, அரைக் கட்டணம். தும்பிக்கையில் தலை இடித்தால் மஞ்சள் நாடா, முழுக் கட்டணம். பக்கத்தில் நீளமாக விதிகள் எழுதிய ஒரு பலகை; அப்பா மட்டும் அதை நின்று படித்தார். தொப்பி போட்ட ஒரு பெண் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் பவுலு. அவன் குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, தலைமயிரை இரண்டு கையாலும் மேலே கோதிவிட்டுக்கொண்டு நின்றான்; தும்பிக்கை அவன் மயிரைத் தொட்டது; மஞ்சள். காசைக் கரியாக்குகிறானே என்று மனசுக்குள் சிரித்தேன். அடுத்தது நான். பின்னாலிருந்து அந்தப் பழக்கமான குரல், உதடு அசையாமல், "பம்முடா" என்றது.

என் வாழ்க்கையிலேயே தலைசிறந்த பம்மல் அதுதான் என்று சத்தியம் செய்வேன். டவுன் பஸ் கம்பிக்கு நாலு விரல் போதும். ஒரு யானைக்கு முன்னால் கௌரவமாக ஆறு விரல் பம்மினேன். தும்பிக்கைக்கும் என் தலைக்கும் நடுவில் ஒரு தேங்காயே உருளும். அந்தப் பெண் குனிந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பச்சை நாடாவைக் கட்டினாள். வெற்றியோடு திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பஸ் என்றால் இறங்கியதும் நிமிர்ந்துகொள்ளலாம். இங்கே அந்த யானையின் சட்டம் உள்ளே எல்லா இடத்திலும் செல்லும் என்பது முதல் ராட்டினத்தின் வாசலிலேயே தெரிந்தது. விசில் வைத்திருந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "பச்ச அந்தாண்ட போ." அடுத்த ராட்டினத்திலும் அதே. அந்தாண்ட என்பது ஒரு கம்பி வேலி போட்ட வட்டம். அதற்குள் வாத்து ராட்டினம், மரக்குதிரை, ஊர்கிற சின்ன ரயில். வாசலில் ஒரு அம்மாள், நாற்காலி போட்டு, வேலிக் கதவின் கொக்கியை வெளிப்புறமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் வந்துதான் அழைத்துப்போக வேண்டும் என்று விதி. அப்பா என்னையும் ஸ்டெல்லாவையும் உள்ளே விட்டுவிட்டு, "தங்கச்சிய பாத்துக்கோ, தோ வந்துட்றேன்" என்று நடந்தார்.

"இன்னா கண்ணு, எத்தினி வயசு?" என்றாள் அந்த அம்மாள்.

பழக்கதோஷம். "அஞ்சு" என்றேன்.

"அஞ்சு வயசுக்கு முன்பல்லு ரெண்டும் முழுசா மொளச்சிகீதே!"

வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அதற்குப் பிறகு நான் சிரிக்கவேயில்லை என்றால் துக்கத்தால் மட்டும் அல்ல. ஆனால் என் வாயை மூடினால் போதுமா, ஸ்டெல்லாவுக்கு ஒரு வாய் இருந்தது. "எங்கண்ணா நாலாங்கிளாஸ் படிக்கிது" என்று அவள் பெருமையாக அறிவித்தாள். "அஞ்சு வயசுல நாலாங்கிளாஸா? கெட்டிக்காரன்தான்" என்று அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கீழே என் முழங்கால் இன்னும் மடங்கியே இருந்தது. நிமிர்த்த பயம். நிமிர்ந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அப்பாவைக் கூப்பிடுவார்கள், ஊரே கூடும். எனவே வேலி என்னைப் பிடித்து வைத்திருந்தது ஒரு பக்கம், என் கால்கள் என்னைப் பிடித்து வைத்திருந்தது இன்னொரு பக்கம். வேலியை ஒரே தாண்டாகத் தாண்டிவிடலாம், என் இடுப்பளவுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை எப்படித் தாண்டும்?

வாத்தில் உட்காரவைத்து வயிற்றின் மேல் பெல்டைப் போட்டார்கள். என் முழங்கால்கள் காதுக்கு வந்தன. முன் வாத்தில் ஸ்டெல்லா, பின் வாத்தில் மூக்கு ஒழுகும் ஒரு குழந்தை. வாத்து இரண்டடி ஏறும், இரண்டடி இறங்கும், ஒரே பாட்டு திரும்பத் திரும்பக் கிறீச்சிடும். மேலே ஏறும் அந்த ஒரு நொடியில் மட்டும் மரங்களுக்கு மேலே கப்பல் எழும்பி நிற்பது தெரியும். அதற்குள் வாத்து இறங்கிவிடும். எத்தனை சுற்று என்று எண்ணுவதை முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். நடுநடுவே நாடாவைப் பல்லால் கடித்தேன். இழுத்தேன். எச்சில் தடவி உருவினேன். அந்த நாடாவைச் செய்தவன் என்னைப் போன்ற ஆட்களை ஏற்கெனவே சந்தித்திருக்க வேண்டும். மத்தியானம் அம்மா வந்து வேலிக்கு மேலாகவே புளிச்சாதம் ஊட்டிவிட்டுப் போனாள், "அப்பா எங்க?" என்றேன், "எங்கியோ நிக்கிறாரு" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேலியோரம் பவுலு வந்தான். மஞ்சள் நாடா தெரியும்படி முழங்கையைக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டான்.

"இன்னாடா, வாத்து முட்ட போட்டுச்சா?"

நான் பச்சை நாடா கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. "எங்கப்பா கப்பல்ல ஏறுனாராடா?"

"உங்கப்பாவா? கீழ நின்னுக்கினு ஏறுறவங்க செருப்பையெல்லாம் பாத்துக்கினு கீறாரு. உபதேசியார் கூப்டதுக்கு, எம்புள்ள இல்லாம நான் ஏற மாட்டேன்னுட்டாரு."

ஊரே ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கம்பத்து உச்சியில் பீடி பற்றவைக்கிற மனுஷன், எனக்காகச் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறார். நானோ வாத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலிக்குள் ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகிவிட்டது.

வெயில் சாயும் நேரத்தில் ஸ்டெல்லா தூங்கி விழுந்ததால் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். கொக்கியைத் திறந்த அம்மாள், "பெரியவனையும் கூட்டிம்போம்மா, காலையிலருந்து வாத்துலயே கீறான்" என்றாள். வெளியே வந்தேன். "இன்னாடா நடக்குற? கால் நோவுதா?" என்று அம்மா கேட்டபோதுதான், வேலியைத் தாண்டியும் நான் பம்மிக்கொண்டே நடப்பது எனக்கே தெரிந்தது. அப்படியே கப்பலைப் பார்த்து ஓடினேன்.

அப்பா செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தார். நான் நேராக வரிசைக்குள் நுழைந்தேன். கப்பல்காரர் கையைப் பார்த்து, "பச்ச ஏறக் கூடாது" என்றார்.

"அளந்து பாருங்க" என்று சொல்லி நிமிர்ந்தேன். காலையிலிருந்து மடங்கியிருந்த முழங்கால்கள் இரண்டும் படக், படக் என்று சத்தம் போட்டன. அவர் தன் அளவுக் கோலை வைத்தார். கோலைவிட என் தலை உயரம். அவர் கோலைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "யாரு இவனுக்குப் பச்ச கட்டுனது? இவங்கப்பா யாரு?"

கப்பலில் உட்கார்ந்திருந்த எங்கள் பங்கு மக்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் பூசைக்கு வருகிற அத்தனை பேர் முன்னாலும் அப்பா தலைகுனிய வேண்டும். மறைத்தால் திரும்பவும் வாத்து. வாத்துக்கே போய்விடலாம் என்று மறுபடியும் முழங்காலை மடக்கத் தொடங்கினேன். அதற்குள் அப்பா வந்து என் தோளில் கை வைத்தார்.

"வளர்ற புள்ளங்க சார். காலையில இவ்ளோ இல்ல."

கப்பலே குலுங்கியது, ஓடாமலே. "யோவ் சவரி, நீ போடற போரு கீழ போவுது, உம்புள்ள மேல போறான்!" என்று உபதேசியார் கடைசி சீட்டிலிருந்து கத்தினார். கப்பல்காரரும் சிரித்துவிட்டார். "போய் மீதியக் கட்டி மஞ்சள மாத்திக்கினு வாங்க. இன்னும் அர மணி நேரம் ஓடும்" என்றார்.

உலகம் அவ்வளவு சுலபமாகத் திறந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா நுழைவாயிலுக்குப் போய்ப் பணத்தைக் கட்டினார். டவுன் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்கு அத்தனை பாடுபடுகிறவர், பேரம் கூடப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் தாமதம். "கை பத்திரம்மா, மெதுவா வெட்டு" என்று தொப்பிப் பெண்ணிடம் சொன்னார். நீ எந்த ஊரும்மா என்று கேட்டார். திருநாவலூர் பக்கம் என்று அவள் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், அந்தப் பக்கத்தில் எத்தனை அடியில் தண்ணீர், எந்தக் கொல்லையில் பாறை, அவர்கள் வீட்டுப் போர் எத்தனை அடி என்று விசாரணை நீண்டது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பும் வழியில் தண்ணீர் குடித்தார். பிறகு வழி தப்பினார். ஒரு எழுத்து ஹிந்தி படிக்காமல் சத்தீஸ்கர் காட்டுக்குள் போய் வருகிறவர், ஒரு பார்க்குக்குள் வழி தப்பி, என்னை வாத்து ராட்டினத்துக்கே மறுபடி கூட்டிக்கொண்டு வந்தார்.

கப்பலை அடைந்தபோது அதைச் சங்கிலியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சிடுச்சிங்க" என்றார் கப்பல்காரர். அப்பா "அடடா" என்றார். என் தலையில் கை வைத்து, "அடுத்த வருசம் மொத ஆளா ஏறுவோம்டா" என்றார். அப்போதுதான் அழுதேன். பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்தார். அதையும் அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், ஆனால் முழுசாகச் சாப்பிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் வண்டிக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் பங்கில் வேளாங்கண்ணி போனோம். அதற்கடுத்த வருஷம் மறுபடி கரியாலூர், அதே குரங்கு. அப்பா சொன்ன அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை.

போன மாதம் என் மகள் ஜெனியை அதே பார்க்குக்குக் கூட்டிப்போனேன். மரயானை இல்லை, வாத்துகள் இல்லை, அந்த இடத்தில் காற்றடைத்த கோட்டையில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பஸ் கம்பியில் கோடும் இப்போது இல்லை. பம்மத் தெரிந்த கடைசித் தலைமுறை நாங்கள்தான். ஜெனிக்கு அப்படி ஒரு கலை இருந்ததே தெரியாது. அவள் கொண்டையை உச்சந்தலையில் போட்டுக்கொண்டு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்படியும் கப்பலுக்கு நாலு விரல் குறைந்தது.

"பாப்பா வேணாம். நீங்க வேணா ஏறுங்க சார்" என்றான் வாசலில் நின்ற பையன்.

"போய்ட்டு வா டாடி, நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள் ஜெனி, தியாகச் சுடராக.

அண்ணாந்து பார்த்தேன். கப்பல் மேலே போய், அங்கே ஒரு கணம் எதையும் பிடிக்காமல் நின்றது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அது இவ்வளவு உயரம் இல்லை. "உன்ன தனியா வுட்டுட்டு டாடி எப்படிம்மா போவேன்?" என்று என் வாய் சொன்னது. குரலில் பாசம் பொங்கியது. உள்ளே, இந்தப் பிள்ளை நாலு விரல் குறைவாக இருப்பதற்கு ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பிறகு ஜெனிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ஊருக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார். போர் வண்டியை விட்டு எட்டு வருஷமாகிறது, வீட்டில்தான் இருக்கிறார். டிவி சத்தம் கேட்டது.

"அப்பா, அன்னிக்கி பார்க்கு வாசல்ல என்னைப் பம்மச் சொன்னியே, டிக்கெட்டுக்காகவா?"

டிவி சத்தம் குறைந்தது.

"கப்பலுக்குப் பயந்துக்கினுதான்டா. போன வையி."